வந்த பிள்ளைக்கு ஒரு கறுப்புப் பொட்டு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி ஆனதற்குக் காரணம் என் வாய்தான். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர், "ஒரு அம்மாதான் தலைவியா இருக்கணும், அதிகாரிங்க முன்னாடி பயப்படாம பேசணும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கூடியிருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் சம்சாரம், "இவளப் போடுங்க சார். கரண்டு போனாக்கூட இவ பேச்சு நிக்காது" என்றாள். இப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு நாள் முழுக்கத் தாங்கும். அந்தச் சந்தோஷத்திலேயே சரியென்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பேன்சி கடை. வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, மொட்டை போட்ட பிள்ளைகளுக்குக் குல்லா. வீடு மட்டும் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு கிராமத்தில். எட்டாவதோடு என் படிப்பு நின்றுபோனது. மீதியைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வரும் பழைய பேப்பரில் படித்துக்கொண்டேன். பாதிச் செய்தி பொட்டலத்தோடு வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போய்விடும் என்பதால் எனக்கு உலகத்தில் பல விஷயங்கள் பாதிதான் தெரியும்.

போன வருஷம் எங்கள் வட்டாரத்தில் ஒரு புதுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முன்னேற்றக் குழு. தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், நான், இன்னொரு அம்மா என்று நான்கு பேர். "இனிமே எதையும் வாயால சொல்லக்கூடாது, டேட்டாவால சொல்லணும்" என்று வட்டாரக் கல்வி அலுவலர் மேடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். என்னைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த டேட்டாவைப் பார்த்துக்கொள்ள மெட்ராஸ் பக்கமிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். எந்நேரமும் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடிதான் நடப்பார். கூட்டத்தில் என்னைப் போடச் சொன்ன அந்த ஆட்டோ அக்கா அவரைப் பார்த்துவிட்டு, "கைக்கொழந்தக்காரன் மாதிரி வரான் பாரு" என்றாள். ஆங், நான்காவது ஆள் அவள்தான். அவளுடைய பையன் ஆறாவது, என் பெண் ஏழாவது.

எங்கள் குழுவுக்கு டேட்டாவை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கணக்கு டீச்சர்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரே இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை, எங்களுக்கு மாற்றுப்பணியில் அனுப்பியிருந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள் அவர் பின்னால் போக ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப் பீரியடு என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும் என் பெண், இப்போது டவுன் பஸ்ஸில் ஏறினால் வேகம், தூரம், நேரம் போட்டுப் பார்த்து, "இந்த வேகத்துல போனா பெல் அடிச்சப்புறம்தான் போவோம்" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போகிறாள். கண்டக்டர் என்னிடம், "உங்க பொண்ணுக்கு டிக்கெட் வேணாம்மா, டிரைவர் வேலையே குடுத்துடலாம்" என்கிறார். அப்பேர்ப்பட்ட டீச்சரை அவருடைய பழைய பள்ளி திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேடம் நல்லவர்தான். ஆனால் டேட்டாக்காரர். திரையில் ஒரு படம் போட்டு அதில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டினார். "அரையாண்டுப் பரீட்சைக்குள்ள உங்க ஸ்கூல் வருகை இந்தக் கோட்டைத் தொட்டுடுச்சின்னா, டீச்சர் வருஷம் முடியறவரைக்கும் இங்கயே இருப்பாங்க. தொடலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஸ்கூல்லயும் புள்ளைங்கதானே இருக்குது?"

சரிங்க என்று எழுந்து வந்தோம்.

வருகையைச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய அட்டை ஒன்றை அடித்தோம். இடப்பக்கம் பிள்ளைகள் பெயர், மேலே தேதி. வட்டமான கலர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அது கிடைக்கவில்லை. வட்டமான ஸ்டிக்கருக்கு நான் ஏன் அலைய வேண்டும், என் கடை முழுக்க அதுதானே! பச்சைப் பொட்டு அட்டையும் சிவப்புப் பொட்டு அட்டையும் கொண்டுபோனேன். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு என்றார் தலைமையாசிரியர்.

ஆட்டோ அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "செவப்பு மங்களமாச்சே சார். மட்டம் போட்டவனுக்கு மங்களமா? வராததுக்குக் கறுப்பு வைங்க."

"மேல இருந்து வந்த பேப்பர்ல சிவப்புன்னுதான்மா இருக்கு."

"மேல இருக்கறவங்க பொட்டு வைக்கிறவங்களா, பேன்ட் போட்டவங்களா?"

தலைமையாசிரியர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கறுப்பையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். ஆட்டோ அக்கா பொட்டை உரித்து உரித்து ஒட்டுவாள். மாசக் கடைசியில் நான் அந்த அட்டையைப் போனில் படம் எடுத்து டேட்டா தம்பிக்கு அனுப்புவேன். சிக்னல் இருந்தால் உடனே போகும். இல்லாவிட்டால் போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெலுங்கில் வணக்கம் சொல்லும், படம் சாயந்திரம் போகும்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. வராத பிள்ளை வீட்டுக்கு அன்றைக்கே நானோ அக்காவோ போய் நிற்போம். அவள் வாசலில் நின்றால் தெருவுக்கே கேட்கும். "உம் புள்ளைக்காகப் பள்ளிக்கூடத்துல பொட்டு காஞ்சிகினு கெடக்குது. நீ இன்னாடான்னா அவனை மாடு புடிக்க அனுப்பிகினு இருக்கற!" வெட்கத்துக்குப் பயந்தே பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் டீச்சருக்காக வந்தார்கள். அட்டை பச்சைப் பசேலென்று நெல் வயல் மாதிரி ஆனது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. கடையில் பச்சைப் பொட்டு குறைவது சரி. கறுப்பும் தீர்ந்துகொண்டே வந்தது. ஆட்டோ அக்கா வரும்போதெல்லாம் சின்ன சைஸ் கறுப்பு அட்டை ஒன்று கேட்பாள்.

"இன்னாக்கா, வீட்ல யாருக்காவது கொழந்த பொறந்திருக்கா?"

"ஆங், நெறைய கொழந்தைங்க" என்றாள். அவள் வழக்கமாகப் பேசுவதே அப்படித்தான். நானும் சிரித்துவிட்டுக் கொடுத்தேன்.

அரையாண்டு நெருங்கியதும் வட்டாரக் கூட்டம் வந்தது. வட்டார வள மையத்தில் எல்லாப் பள்ளிக் குழுக்களும் கூடின. டேட்டா தம்பி திரையில் படம் போட்டார். எங்கள் கோடு மேலே மேலே ஏறி, பச்சைக் கோட்டுக்கு அடியில் ஒரு நகக்கண் இடைவெளியில் போய் நின்றுவிட்டது. குழுவின் ஆசிரியராக வந்திருந்த கணக்கு டீச்சர் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இதுல ஒரு பேட்டர்ன் இருக்குது மேடம்" என்றார் தம்பி. "அடிக்கடி லீவு போடற பசங்க இப்போ ஒழுங்கா வராங்க. பிரச்சினை அவங்க இல்ல. நல்லா வர்ற பசங்கதான். ஒவ்வொருத்தரும் மாசத்துக்குக் கரெக்டா ஒரே ஒரு நாள் வரல. முழுசா வந்த பையன் ஒருத்தன்கூட இல்ல."

அந்த ஒரு நாளை யாரும் விடவில்லை. ஒரு விஷயத்தை ஐந்து தரம் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் வேர் கிடைக்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சார்ட் பேப்பர் வந்தது, ஸ்கெட்ச் பேனா வந்தது, டீ வந்தது. ஏன் வரவில்லை? "மாசக் கிருத்திகைங்க, மலைக்குக் கூட்டம் வருது, புள்ளைங்க பூக்கடையில நிக்குது" என்றார் ஒரு தலைமையாசிரியர். ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு தலைமையாசிரியை, "எங்க பக்கம் தறி பழுதானா லீவுங்க" என்றார். இன்னொருவர் ரேஷன் கடை என்றார். தம்பி எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகத் தலையாட்டி மறுத்தார்.

"ஒரே நாள்னா கிருத்திகைன்னு சொல்லலாம் சார். இது ஆளுக்கு ஒரு நாள். ஒருத்தன் செவ்வாய், ஒருத்தி வியாழன். முறை வச்ச மாதிரி இருக்குது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "முறை வச்சு நிக்கிறாங்களா? அப்போ யாரோ முறை வச்சுக் குடுக்கணுமே."

"அப்போ புள்ளைங்களுக்குள்ளயே ஒரு தலைமைக் குழு இருக்குதுங்க மேடம்" என்றார் எங்கள் தலைமையாசிரியர். பயத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை. "நம்ம குழுவை விட ஒழுங்கா நடக்குது போல."

யாரும் சிரிக்கவில்லை. சார்ட் பேப்பரில் அதையும் எழுதினார்கள்.

முடிவாக, நன்றாக வரும் பிள்ளைகள் வீட்டுக்கே போய் விசாரிப்பது என்று ஆனது. "அடுத்த வாரம் நானே ஸ்கூலுக்கு வரேன். அன்னிக்கு டீச்சர் விஷயத்தை முடிச்சுடலாம்" என்றார் மேடம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது டீச்சர், "பரவாயில்லக்கா, எங்க போனாலும் அதே பெருக்கல்தானே" என்றார். அவர் வருத்தப்பட்டுப் பேசியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஆட்டோ அக்கா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நாற்று நடவு. அதனால் விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. மறுநாள் டேட்டா தம்பி வந்ததும் அவள் வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே கிளம்பினோம். தம்பியும் நானும் பின்னால். அவள் எங்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து, "எங்க போறோம்?" என்றாள். விசாரணைக்கு என்றேன். "யார் மேல கேஸு?" என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் வீடு, வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் வீடு. அவளுடைய அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். தம்பி லேப்டாப்பைத் திறந்து, மெதுவாக, "அம்மா, உங்க பொண்ணு போன மாசம் ஒரு நாள் ஸ்கூலுக்கு வரல. ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார்.

வாளி கீழே வந்தது. "யார் சொன்னது? எம் பொண்ணா? இன்னா நைனா பேசற நீ! காய்ச்ச அடிக்கும்போதே கஷாயம் குடுத்து அனுப்புனவ நான். மழையில என் முந்தானைய அவ தலையில போட்டுக் கூட்டிகினு போய் உட்டேன். ஒரு நாள் நிக்கல அவ! உன் பெட்டியில தப்பா வந்தா பெட்டியக் கொண்டுபோய்ச் சரிபண்ணு!"

தம்பி என்னைப் பார்த்தார். நான் ஆட்டோ அக்காவைப் பார்த்தேன். அவள் வேலி ஓரத்துக் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சாவதானமாகச் சொன்னாள்.

"அவ எல்லா நாளும்தான் வந்தா. செவுத்துலதான் ஒரு நாள் வரல."

"இன்னாக்கா சொல்ற?"

"நான்தான் கறுப்பு வச்சேன். பின்ன? ஒரு பச்சப்புள்ள ஒரு நாளும் தவறாம வந்திருக்குதுன்னு செவுத்துல ஒட்டி ஊரே பாக்க வச்சா கண்ணு படாதா? ஆடி மாசம் பிரேயர்ல நிக்கவச்சி, 'இந்தப் பையன் ஒரு நாள்கூட லீவு போடல'ன்னு சார் கைதட்டச் சொன்னாரே. அடுத்த வாரமே வேப்பமரத்துலேர்ந்து உழுந்து கைய ஒடிச்சுக்கினானா இல்லையா? அதான், முழுசா வந்த புள்ளைக்கு எல்லாம் ஆளுக்கு ஒண்ணு வச்சிட்டேன். கன்னத்துல வைக்கறதுதானே, அட்டையில வச்சா இன்னா?"

தம்பி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அக்கா, கறுப்புன்னா வரலைன்னு அர்த்தம். நீங்கதானே கறுப்பு வேணும்னு சொன்னீங்களாம்!"

"ஆங். ஒரு நாள் வரலன்னு இருந்தாத்தானே எவளும் கண்ணு வைக்கமாட்டா? நெசம்தான் சார்கிட்ட ரிஜிஸ்டர்ல பத்திரமா இருக்குதே. செவுரு ஊரு பாக்கறதுக்கு."

அந்தப் பெண்ணின் அம்மா சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேலை பண்ணேக்கா. எனக்கே மனசு அடிச்சிகினு இருந்தது." பிறகு தம்பியைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கற, மோர் குடிக்கறயா நைனா?" என்றாள். தம்பி லேப்டாப்பை மூடிவிட்டு மோர் குடித்தார். அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.

மேடம் சொன்னபடி வந்தார். தம்பி அவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தார். பதிவேட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு எதிரில் வெகுநேரம் நின்றார். பதிவேட்டின்படி பச்சைக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தோம். மேடம் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார்.

"நான் எவ்வளவோ ஸ்கூல் பாத்திருக்கேன் சார். பொய்க் கணக்கு எழுதறவங்க கூட்டித்தான் எழுதுவாங்க. குறைச்சு எழுதின ஸ்கூல் இதுதான். எந்த விதியில உங்க மேல நடவடிக்கை எடுக்கறதுன்னே எனக்குத் தெரியல." பிறகு ஆட்டோ அக்காவிடம் திரும்பினார். "ரெண்டும் ஒத்துப்போனாத்தான்மா நான் டீச்சருக்குக் கையெழுத்துப் போட முடியும். அந்தக் கறுப்பெல்லாம் எடுத்துடுங்க."

"எடுத்துடலாம் மேடம்" என்றாள் அவள். "எடுத்தப்புறம் எதுனா ஒண்ணுன்னா நீங்க பொறுப்பு ஏத்துக்கறீங்களா? எழுதிக் குடுத்துடுங்க."

மேடம் பேனாவைத் திறந்து, திரும்ப மூடிவிட்டார். அவருடைய மகன் அந்த வருஷம் பிளஸ் டூ. அது அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

வழி சொன்னது கணக்கு டீச்சர்தான். "மேடம், கட்டத்துக்கு உள்ள இருக்கறதைத்தானே எண்ணறோம்? கட்டத்துக்கு வெளியில ஒட்டினா?"

"ஓரத்துலயா?" என்றாள் அக்கா. "ஆளுக்கு ஒண்ணு?"

"ஆளுக்கு ஒண்ணு."

"சின்னதா வைக்கமாட்டேன். பெரிய சைஸு."

"பெரிய சைஸே வைங்க."

தம்பி அங்கேயே உட்கார்ந்து படிவத்தில் வலப்பக்கம் ஒரு புதுக் கட்டம் போட்டார். அதற்கு என்ன தலைப்பு என்று கொஞ்ச நேரம் குழம்பினோம். கடைசியில் மேடமே, "இதர" என்று போடச் சொன்னார். எல்லாச் சர்க்கார் படிவத்திலும் கடைசியில் இதர என்று ஒன்று இருக்கும். அது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆட்டோ அக்கா நகத்தால் கறுப்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, அந்த இடத்தில் பச்சை வைத்து, ஓரத்தில் பெரிய கறுப்பு வைத்தாள். தம்பி எண்ணினார். இப்போது சுவரும் பச்சைக் கோட்டைத் தாண்டியது. மேடம் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்திய கத்தலில் சத்துணவுக் கூடத்துக் காக்கை எல்லாம் பறந்துபோனது. டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். அதைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் அப்படி முடியவிடாது.

டீச்சர் எங்களுக்குக் கிடைத்துவிட்டார் என்ற செய்தி சுற்றுப்பட்டில் பரவியது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். "உங்க ஸ்கூல்ல நல்ல கணக்கு டீச்சராமே? தங்கமாமே?" முதல் நாள் ஆங் என்று பெருமையாகச் சொன்னேன். சொன்ன கையோடு மனசு என்னவோ செய்தது. அடுத்த ஆள் கேட்டபோது என் வாய் தானாகவே, "என்னமோ இருக்காங்கக்கா. பாதி நாள் லீவுதான், உடம்புக்கு முடியறதில்ல" என்றது. அன்று சாயந்திரம் பார்த்தால், ஆட்டோ அக்காவும் ஸ்டாண்டில் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தலைமையாசிரியர்கூட ஒரு கல்யாணத்தில், "சுமாரா சொல்லித் தராங்க" என்றாராம். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. ஒரு நாள்கூட லீவு போடாத டீச்சரைப் பள்ளிப்பட்டுப் பஸ்ஸில் யாரோ பார்த்து, "ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்று விசாரித்திருக்கிறார்கள்.

ஒரு மத்தியானம் கடையில் போன் அடித்தது. மேடம்.

"தலைவியம்மா, என்ன இது? உங்க கணக்கு டீச்சர் பாதி நாள் ஸ்கூலுக்கே வர்றதில்லைன்னு நாலு பக்கத்துலேர்ந்து என் காதுக்கு வருது. அவங்களுக்காக நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"ஐயோ மேடம், வராங்க. தெனம் வராங்க."

"பின்ன யார் இப்படிக் கிளப்பி விடறது?"

"நாங்கதாங்க மேடம்."

ஆந்திரா டவர் பிடுங்கிக்கொண்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். லைனில்தான் இருந்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இதுவும் இதரவா?"

"ஆங், மேடம்."

"சரி. ஊர்ல என்ன வேணா சொல்லிக்கங்க. எங்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லிடுங்க" என்றார். வைக்கப்போனவர் திரும்பவும், "அம்மா, என் பையன் மாடல் டெஸ்ட்ல நல்ல மார்க் வாங்கியிருக்கான். யாராச்சும் கேட்டா சுமாருன்னு சொல்லி வைங்க" என்றார்.